வாசலில் வந்து நிற்கும் வசூல்

நுண்கடன் குழுப் பணம் கட்டும் நாளில் டெல்டா கிராமங்களில் லீடர் வீட்டுத் திண்ணை காலையிலேயே நிறைந்துவிடும். கையில் அட்டையும் எண்ணி மடித்த நோட்டுகளுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பைக்கில் வந்திறங்கும் இளைஞர் டேப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எல்லோரும் கட்டிவிட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒருவர் வரவில்லையென்றால்தான் சிக்கல். "அந்த அக்கா பணம் வராம நான் சென்டரை முடிக்க முடியாதுக்கா. நீங்களே போய்ப் பேசிக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். நடவுக்குப் போக வேண்டியவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஓடி வந்தவர், உலையை வைத்துவிட்டு வந்தவர் என்று அத்தனை பேரின் எரிச்சலும் வராத அந்த ஒருத்தி மேல் திரும்பும். நாலு பேர் எழுந்து அவள் வீட்டுக்குப் போவார்கள். அங்கே தெருவறியப் பேசப்படும் பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இத்தனைக்கும் நிறுவனத்து ஆள் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்க மாட்டார்.

வசூல் என்ற தொழிலின் சூட்சுமம் இதுதான். பணம் இல்லாதவரிடம் பணத்தை வரவழைக்க முடியாது. ஆனால் அவமானத்துக்குப் பயந்தவர் எங்காவது புரட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தாலிக்கொடியை அடகு வைப்பார், இன்னொரு குழுவில் கடன் வாங்குவார், மீட்டர் வட்டிக்காரரிடம் போய் நிற்பார். ஒரு கடனை அடைக்க அதைவிட மோசமான இன்னொரு கடன் வந்து சேரும். நம் ஊரில் கடனால் நடந்த சாவுகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கடனின் அளவு அவர்களைக் கொல்லவில்லை. நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நின்ற நாள்தான் கொன்றது.

கடன் கொடுத்தவருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க முழு உரிமை உண்டு. வாங்கியதைக் கட்ட வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்படிக் கேட்கலாம், எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே விதி இருக்கிறது. அந்த விதிகளைக் கடன் வாங்கியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கையெழுத்து வாங்கும்போது காட்டும் அவசரத்தில் ஒரு பங்குகூட அவற்றைச் சொல்வதில் காட்டுவதில்லை.

திண்ணைக்கும் விதி உண்டு

நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்களில் பீகாரும் தமிழ்நாடும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நுண்கடனுக்கென்றே தனி விதிமுறை வெளியிட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரப்படும் கடன் எல்லாம் இதில் அடங்கும். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அப்படியானால், ஏற்கெனவே மூன்று குழுக்களில் தவணை கட்டித் திணறும் ஒரு பெண்ணுக்கு நாலாவது நிறுவனம் வீடு தேடி வந்து கடன் கொடுத்தால், வருமானத்தைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த பொறுப்பு அந்த நிறுவனத்துக்கும் உண்டு. இதை யாரும் பேசுவதே இல்லை.

நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. வசூல் நடக்க வேண்டிய இடம் இரு தரப்பும் பேசி முடிவு செய்த ஒரு பொது இடம். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அந்த இடத்துக்கு வராமல் போனால்தான் ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். கெட்ட வார்த்தை பேசக் கூடாது. விடாமல் போன் போட்டுத் தொல்லை தரக் கூடாது. உறவினரையோ நண்பரையோ உடன் வேலை செய்பவரையோ நச்சரிக்கக் கூடாது. கட்டாதவர் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று இல்லாததைச் சொல்லி மிரட்டக் கூடாது. தாமதக் கட்டணம் போட்டாலும் பாக்கி நிற்கும் தவணைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போட முடியாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

குழுவில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அது பணத்துக்கான பொறுப்பு. மற்ற பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளவும், இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பிச் சண்டை போட வைக்கவும் அது அனுமதிச் சீட்டு ஆகாது.

முதல் 90 நாட்கள்

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய தனிநபர் கடன், வண்டிக் கடன், கிரெடிட் கார்டு என்று எதுவானாலும் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். டியூ தேதி தாண்டிய மறுநாளே கணக்கில் குறி விழுந்துவிடும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று கட்டங்கள். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். இந்த மூன்று மாதத்தில் அழைப்பவரின் குரல் மாறுவதைக் கேட்டாலே நம் கடன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். "வணக்கம் சார், ஒரு சின்ன ரிமைண்டர்" என்று தொடங்கும். "என்ன சார், போனை எடுக்கவே மாட்டேங்கிறீங்க" என்று வளரும். கடைசியில் "எங்கடா இருக்க, வீட்டுக்கு வரவா" என்பதில் வந்து நிற்கும். முதல் குரல் வங்கி ஊழியருடையது. கடைசிக் குரல் பெரும்பாலும் வெளி ஏஜென்சியுடையது. வசூலான தொகையில் கமிஷன் வாங்கும் ஏஜென்சி அது.

போனில் பேசும் அந்தப் பையன்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். டிகிரி முடித்துவிட்டு மாதக் கடைசி டார்கெட்டுக்காக ஓடுகிறவர்கள். அளவுக்கு மீறிய இலக்கு வைத்து ஆட்களைத் தவறான வழியில் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 சுற்றறிக்கையிலேயே வங்கிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை காகிதத்தோடு நின்றுவிட்டது என்பதே என் கருத்து. டார்கெட்டை விட்டுவிட்டு ஏஜெண்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெளி ஆள் வருவதானால் எந்த ஏஜென்சி, யார் என்ற விவரத்தை வங்கி முதலில் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். அவர் அதற்கான பயிற்சி முடித்துத் தேர்வு எழுதியவராக இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை இன்னும் தெளிவானது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. வாயாலோ கையாலோ மிரட்டக் கூடாது. பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், கடன் படிவத்தில் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனிமைக்குள் நுழையக் கூடாது. வாட்ஸ்அப்பிலும் சமூக ஊடகத்திலும் தகாத செய்தி அனுப்பக் கூடாது. பெயர் சொல்லாமல் போன் போட்டு மிரட்டக் கூடாது. இவற்றில் எதை ஏஜென்சிக்காரர் செய்தாலும் பொறுப்பு கடன் கொடுத்த வங்கியுடையது. "அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கிளை மேலாளர் கைவிரிக்க முடியாது.

2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில் டிராக்டரைப் பறிமுதல் செய்யப் போன இடத்தில், தடுக்க வந்த கர்ப்பிணிப் பெண் அதே டிராக்டரில் அடிபட்டு இறந்தார். சில நாட்களிலேயே ரிசர்வ் வங்கி அந்த நிதி நிறுவனம் வெளி ஆட்களை வைத்து வசூல் செய்வதையே நிறுத்தி வைத்தது. விதியை மீறினால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லாமல் இல்லை. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

பலருக்கும் தெரியாத இன்னொரு விதியைச் சொல்கிறேன். கடன் சம்பந்தமாக நீங்கள் எழுத்தில் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வீண் புகார் என்று வங்கிக்குத் தக்க காரணம் இருந்தாலொழிய, புகாரை முடிக்கும்வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் தள்ளக் கூடாது. 2008 சுற்றறிக்கையே இதைச் சொல்லிவிட்டது. ஆகவே புகாரை வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள்.

ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

"கட்டலைன்னா உள்ள போயிடுவீங்க", "அரெஸ்ட் வாரண்ட் ரெடியா இருக்கு", "இன்ஸ்பெக்டர் லைன்ல இருக்காரு". அதிகம் பயமுறுத்துவது இந்த மூன்று வசனங்கள்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், அதை நிறைவேற்றக் கேட்க வேண்டும். காவல் நிலையத்துக்கு இதில் வசூல் வேலை கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் கட்டாவிட்டால் சிவில் சிறை என்று ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மை. அதிகபட்சம் 3 மாதம். ஆனால் 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தபடி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார். கையில் பணம் வைத்துக்கொண்டே நாணயமில்லாமல் ஏமாற்றுகிறவரைத்தான் சிறையில் வைக்கலாம். இல்லாமையால் கட்டாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பணம் கட்டும்படி வந்த தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ஒரு குழுக் கடனுக்காக எந்தப் பெண்ணையும் "ஜெயிலில் போடுவோம்" என்று மிரட்டுகிறவர், பொய் சொல்லி மிரட்டுகிறார்.

அதே சட்டத்தின் 60ஆம் பிரிவை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் எழுதி வைக்கலாம். ஜப்தி என்று நீதிமன்ற அமீனாவே வந்தாலும் சில பொருட்களைத் தொட முடியாது. கடன்பட்டவருக்கும் அவர் மனைவி மக்களுக்கும் வேண்டிய உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை. தொழிலாளியின் கைக்கருவிகள். விவசாயியின் ஏர், கலப்பை, உழவு மாடு, விதை நெல். விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீடு, அதை அடமானம் வைக்காதவரை. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். பணிக்கொடை, அரசு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி. மத வழக்கப்படி ஒரு பெண் உடம்பிலிருந்து பிரிக்கக் கூடாத நகைகளும் பட்டியலில் உண்டு. நம் ஊரில் அது தாலி. நீதிமன்றமே கை வைக்கக் கூடாத தாலியை, "அதைக் கழற்றி வச்சுட்டுக் கட்டும்மா" என்று ஒரு வசூல்காரர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

காசோலை கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் குற்றம். 2 ஆண்டு வரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. அந்த 15 நாளை வீணாக்காதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும் இதே போன்ற வழக்கு வரலாம். தவணைத் தேதிக்கு முன்பே வங்கிக்கு எழுதித் தேதியை மாற்றக் கேட்பது இதனால்தான் முக்கியம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதன் எண்ணையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடனும் அந்த நோட்டீஸும்

வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு 2002ல் வந்த சர்ஃபாசி சட்டம் வங்கிக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது. வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து விற்கலாம். ஆனால் படிப்படியாகத்தான் முடியும். கணக்கு வாராக்கடன் ஆன பிறகு அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவுப்படி நோட்டீஸ் வரும். அதில் மொத்த பாக்கி எவ்வளவு, எந்தச் சொத்து என்ற விவரம் இருக்கும். கட்ட 60 நாள் அவகாசம். பதிவுத் தபாலில் வரும் அந்தக் கவரைப் பார்த்தாலே பலருக்குக் கை நடுங்குகிறது. சிலர் வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். அதைப் போன்ற தவறு வேறில்லை. அந்த 60 நாளுக்குள் நீங்கள் உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பலாம். வட்டிக் கணக்குத் தவறு, கட்டிய பணம் வரவில் வரவில்லை, தவணையைத் தள்ளி வைக்க வேண்டும் என்று எதுவானாலும் எழுதலாம். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தந்தே ஆக வேண்டும்.

பதிலிலும் உடன்பாடு இல்லாமல் 60 நாள் முடிந்தால் வீட்டுச் சுவரில் உடைமை எடுத்ததாக நோட்டீஸ் ஒட்டுவார்கள், செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பார்கள். அதற்காக அன்றே பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டும் என்று பொருளில்லை. அந்த நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்ய மறுக்கும் இடத்தில் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கித்தான் வர வேண்டும். உத்தரவு இல்லாமல் நாலு தடியர்களை அனுப்பிப் பூட்டுப் போட முடியாது. விற்பதற்கு முன் 30 நாள் அறிவிப்பும் வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் பாக்கியைக் கட்டினால் சொத்து உங்களிடமே தங்கும். 2016ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் கெடு கறாரானது. ஏலத்தன்று காலையில் பணத்தோடு போனால் போதும் என்ற பழைய நம்பிக்கையில் இருக்காதீர்கள்.

விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. 1 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி நிற்கும் கடனுக்கும் பாயாது. வீட்டுக் கடனுக்கென்றே உள்ள நிறுவனம் அல்லாத தனியார் நிதி நிறுவனமானால் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடனுக்கு இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. இருபது ஆண்டு கட்டி முடித்துக் கடைசிச் சில தவணைகளில் தடுமாறும் குடும்பத்துக்கு அந்த 20 சதவீதக் கணக்கு பெரிய காவல்.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால்

2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்ற வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. தனியார் நிறுவனத்தின் வசூலுக்குக் காக்கிச் சட்டை துணை போன காட்சி அது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 2007ல், பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கிகள் அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்குவதைக் கடுமையாகக் கண்டித்துவிட்டது. வசூல் சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் நிறுவனம் எடுக்கலாம். ஆனால் முன்னறிவிப்பு எத்தனை நாள், எப்படி எடுப்பது, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எப்படித் தருவது, எப்படி விற்பது என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நடுரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்குவது இதில் எங்கும் இல்லை. அப்படி நடந்தால் வாக்குவாதம் செய்யாமல், வண்டியில் உள்ள பொருட்களின் பட்டியலோடு எழுத்தில் ரசீது கேளுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வண்டிக் கடன்காரர்களுக்கு அடிக்கடி வருவது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ். நிறுவனமே தனக்குப் பிடித்த ஒருவரை நடுவராகப் போட்டுத் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. வழக்கில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தவுடன், நடுவர் நியமனத்தை ஏற்கவில்லை என்று ஒரு கடிதம் அனுப்பினால் போதும். பிறகு வழக்கறிஞர் வேலையைப் பார்த்துக்கொள்வார்.

நகைக் கடன் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முறையான அறிவிப்பு தராமல் நகையை ஏலம் விட முடியாது. ஏலத்தில் கிடைத்த பணம் கடனைவிட அதிகமானால் மிச்சம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். கேட்காததால் போனது எத்தனை குடும்பத்தின் பணமோ.

கந்துவட்டியும் ஆப் கடனும்

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தம்பதி தங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் கருகினார்கள். கந்துவட்டித் தொல்லை பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்து ஓய்ந்தவர்கள். அன்று கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 2003லேயே தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடை செய்த சட்டம். 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருந்தது, மனு மேசையில் இருந்தது, அந்தக் குடும்பம்தான் இல்லாமல் போனது. அந்த நான்கு உயிருக்கும் நிர்வாகம் பதில் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

2025ல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. பின்தொடர்வது, வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போய்த் தொல்லை தருவது, பொருளையோ ஆவணத்தையோ பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் குற்றம். புகாரை வாங்கும் போலீஸ்காரர் "இது சிவில் மேட்டர்மா, நீங்க பேசித் தீர்த்துக்குங்க" என்று சொன்னால், கடன் சிவில் விவகாரம், மிரட்டல் குற்ற விவகாரம் என்று நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவும், வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு 329ஆம் பிரிவும் இருக்கின்றன.

ஆப் கடனில் மிரட்டலுக்கு ஆயுதம் உங்கள் போனில் உள்ள நண்பர்கள் பட்டியல். முறையான கடன் செயலி எதுவும் உங்கள் போனின் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்கிறது என்றாலே அது எப்படிப்பட்ட ஆப் என்று புரிந்துகொள்ளலாம். மார்பிங் செய்த படத்தை அனுப்புவோம் என்று மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த நாளும் கேட்பார்கள். 1930 என்ற எண்ணுக்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஒரு கடிதம்

தவணை தவறப் போகிறது என்று தெரிந்தவுடன் போனை அணைத்து வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கடன் எண், இதுவரை கட்டியது, தவறிய காரணம், இனி மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகை ஆகியவை இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம். கடன் வாங்கும்போது தந்த முக்கிய விவரத் தாளில் குறைதீர் அதிகாரியின் தொலைபேசியும் மின்னஞ்சலும் அச்சிட்டிருக்கும். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் கட்டாயம். அந்த முகவரிக்கு அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை நடந்திருந்தால் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண், என்ன பேசினார் என்று எழுதுங்கள். அழைப்பைப் பதிவு செய்து வையுங்கள். பணம் கட்டினால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். ஏஜெண்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அது கணக்கில் சேர்ந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம். 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது, எண் 15100. லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். அது சமரசம் பேச அழைப்பு. உங்களுக்குச் சம்மதமில்லாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது.

ஒன்டைம் செட்டில்மெண்ட் என்று குறைத்துப் பேசினால், எவ்வளவு, எத்தனை நாளில் என்பது வங்கியின் கடிதத்தாளில் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டிய பின் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். முழுதும் அடைக்காமல் செட்டில் செய்தால் சிபில் அறிக்கையில் அப்படியே பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கடினம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முழுக்க அடைத்துவிட்டால் 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

கடன் வாங்காதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. வாசலில் நின்று கத்துகிற வசூலுக்குப் பலமே, கதவைத் திறந்து பார்க்கும் பக்கத்து வீட்டுக் கண்கள்தான். அடுத்த முறை உங்கள் தெருவில் யார் வீட்டு முன்பாவது அப்படி ஒரு சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் பின்னால் நிற்காதீர்கள். இறங்கிப் போய் அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நில்லுங்கள். வந்தவரிடம் அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். நேரத்தையும் பெயரையும் குறித்து வையுங்கள். நாளைக்குப் புகார் கொடுக்கப் போகும்போது சாட்சியாக உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.